குரூப்பில் போட்டாச்சே!

நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் பெற்றோர் வாசலைத் தாண்டி உள்ளே போகும் சந்தர்ப்பங்கள் நெடுங்காலம் குறைவாகவே இருந்தன. பிள்ளையைச் சேர்க்க ஒரு தடவை, டி.சி. வாங்க ஒரு தடவை. இடையில் போக நேர்ந்தால் நல்ல சேதியாக இருக்காது. "நாளைக்கு வரும்போது அப்பாவைக் கூட்டிட்டு வா" என்று வாத்தியார் சொல்லிவிட்டால், அன்றிரவு பிள்ளைக்குச் சோறு இறங்காது. கூலிக்குப் போகிற அப்பாவுக்கு அரை நாள் சம்பளம் போகும். தலைமையாசிரியர் அறையில் கையைக் கட்டி நின்று, சொல்வதையெல்லாம் கேட்டுவிட்டு, "நீங்க அடிச்சாவது படிக்க வைங்க சார்" என்று ஒப்படைத்துவிட்டு வருவார். பள்ளிக்கும் வீட்டுக்கும் நடந்த பேச்சுவார்த்தை பெரும்பாலும் அவ்வளவுதான்.

தனியார் பள்ளிகளில் இதைக் கொஞ்சம் மாற்றியது டைரி. தினமும் வீட்டுப்பாடத்தை எழுதி வரவேண்டும். ஓரத்தில் 'பெற்றோர் கையொப்பம்' என்று ஒரு கட்டம். அம்மா மாதிரியே கையெழுத்துப் போடப் பல பிள்ளைகள் அங்கேதான் பழகினார்கள். டைரிக்குப் பின்னால் வகுப்புக்கென்று இணையப் பக்கம் வந்தது. நகரத்துப் பள்ளிகள் காசு கொடுத்து செயலி வாங்கின. ஆர்வமுள்ள ஆசிரியர்கள் கூகுள் சைட்ஸ் போன்ற இலவச வசதிகளை வைத்துத் தாங்களாகவே பக்கம் அமைத்தார்கள். அரசுப் பள்ளிகளிலும் அப்படிச் சிலர் உண்டு, சொந்தப் பணத்தில், சொந்தக் கைபேசியில். கொரோனாவால் 2020 மார்ச்சில் தமிழ்நாட்டுப் பள்ளிகள் மூடப்பட்டு, ஒன்றிலிருந்து எட்டு வரையான வகுப்புகள் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. அந்த ஒன்றரை வருடத்தில் வாட்ஸ்அப் குழு இல்லாத வகுப்பே இல்லை என்றாகிவிட்டது. பாடம் நடத்தத் தொடங்கிய குழுக்கள் பள்ளி திறந்த பிறகும் கலையவில்லை. அறிவிப்புப் பலகையாக நிலைத்துவிட்டன.

இந்தப் பக்கங்களாலும் குழுக்களாலும் ஆசிரியரும் பெற்றோரும் நெருங்கியிருக்கிறார்களா? பாதி நெருங்கியிருக்கிறார்கள் என்பேன். பள்ளி வீட்டுக்குச் சொல்வது பல மடங்கு கூடியிருக்கிறது. வீடு பள்ளிக்குச் சொல்வது அநேகமாக இருந்த இடத்திலேயே நிற்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். ஒழுங்காகப் பராமரிக்கிற வகுப்புப் பக்கத்தில் கால அட்டவணை, தேர்வுத் தேதி, எந்த வாரம் எந்தப் பாடம், சுற்றுலாவுக்கான ஒப்புதல் படிவம் எல்லாம் ஒரே இடத்தில் கிடக்கும். அம்மை போட்டு ஒரு வாரம் படுத்திருந்த பிள்ளைக்காக நோட்டுக் கேட்டு வீடு வீடாக அலைய வேண்டாம். இரவு ஷிஃப்ட் முடிந்து வருகிறவர் பதினொரு மணிக்கும் பார்த்துக்கொள்ளலாம். ஒரே கேள்விக்கு நாற்பது பேருக்குப் பதில் சொல்லும் வேலை ஆசிரியருக்கு மிச்சம். வாட்ஸ்அப்பில் இந்தச் சௌகரியம் கிடையாது. ஜூனில் போட்ட பாடத்திட்டத்தை ஜனவரியில் தேடினால், பொங்கல், தீபாவளி, ஆயுத பூஜை வாழ்த்துகளையெல்லாம் கடந்து உருட்டிக்கொண்டே போக வேண்டும். இதில் இணையப் பக்கத்துக்கு நிகர் வேறில்லை.

இன்னொரு நன்மையை நான் இதைவிடப் பெரிதாக நினைக்கிறேன். வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்பதை இதுவரை பார்த்தேயிராதவர்கள் பார்க்கிறார்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்ட ஒரு தாய், தன் மகள் கரும்பலகைக்கு முன்னால் நின்று, விரலை வரிக்குக் கீழே ஓட்டி, எழுத்துக் கூட்டி ஒரு பத்தியை வாசித்து முடிக்கும் அரை நிமிட வீடியோவைப் பார்க்கிறாள். திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். வளைகுடாவில் இருக்கும் கணவனுக்கு அனுப்புகிறாள். அவன் அங்கிருந்து கூப்பிட்டு, "இன்னொரு தடவ வாசிடா தங்கம்" என்கிறான். எந்த மதிப்பெண் பட்டியலும் இதைச் செய்ததில்லை. அரசுப் பள்ளிகள் மீது ஊருக்குள் இருக்கிற இளக்காரத்தைக் குறைத்ததிலும் இப்படிப்பட்ட வீடியோக்களுக்குப் பங்குண்டு. புகாருக்காக மட்டும் திறந்த கதவு, பெருமைக்காகவும் திறக்கிறது. இதைச் சாதித்த ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தனியார் பள்ளி ஒன்றின் ஐந்தாம் வகுப்புக் குழுவை இரவு எட்டரை மணிக்குத் திறந்து பாருங்கள். "டியர் பேரண்ட்ஸ், டுமாரோ சயின்ஸ் ஆக்டிவிட்டி. கைண்ட்லி சென்ட் கலர் சார்ட், கம், ஐஸ் ஸ்டிக்ஸ்." ஸ்டேஷனரிக் கடை ஒன்பது மணிக்கு ஷட்டரை இறக்கிவிடும், அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுகிறார். கீழே வரிசையாக "ஓகே மிஸ்", "நோட்டட் மிஸ்", "தேங்க்யூ மிஸ்", கூப்பிய கைகள். நடுவில் ஒருவர் குட்நைட் ரோஜா போடுகிறார். இன்னொருவர் புறவழிச் சாலைக்குப் பக்கத்தில் மனை விற்பனைக்கு இருப்பதைத் தெரிவிக்கிறார். இவ்வளவுக்கும் இடையில் ஒரு அம்மா எழுதுகிறார்: "மிஸ், பாப்பா ரெண்டு நாளா போர்டு சரியாத் தெரியலங்கிறா. முன்னாடி பெஞ்சுல உக்கார வைக்க முடியுமா?" அதற்கு மேலே பத்து 'தேங்க்யூ', கீழே பதினைந்து. அந்தக் கேள்வி மேலே போய் மறைந்துவிடுகிறது. மிஸ் பார்த்திருக்கலாம், பார்க்காமலும் இருந்திருக்கலாம். இரண்டாவது தடவை கேட்க அந்த அம்மாவுக்குக் கூச்சம். எல்லாரும் பார்க்கிற இடமாயிற்றே.

இந்த இரைச்சலுக்கு மருந்தாக, அட்மின் மட்டுமே செய்தி போடலாம் என்ற வசதியை வாட்ஸ்அப் 2018இல் கொண்டுவந்தது. பள்ளிகள் அதைத் தாவிப் பிடித்துக்கொண்டன. ரோஜாவும் மனை விளம்பரமும் ஒழிந்தன. முன் பெஞ்சு கேட்ட அம்மாவின் குரலும் கூடவே ஒழிந்தது. பெற்றோர் பேச இடம் வைக்காத வகுப்பு இணையப் பக்கமும் பிறவியிலேயே இப்படித்தான். பள்ளி பேசும், வீடு கேட்கும்.

பள்ளி பேசுவதையாவது வீடு கேட்கிறதா? "குரூப்பில் போட்டாச்சே, பார்க்கலையா?" என்பது இன்று பள்ளி அலுவலகங்களில் அன்றாடம் காதில் விழும் வாசகம். கட்டணம் கட்டக் கடைசித் தேதி தெரியாமல் வந்த அப்பாவுக்கும் அதுதான் பதில், உதவித்தொகை விண்ணப்பத்தைத் தவறவிட்ட அம்மாவுக்கும் அதுதான். போட்டது சொன்னதற்குச் சமம் என்று ஆகிவிட்டது. பெற்றோருக்குத் தகவல் போய்ச் சேர்ந்ததா என்பதைவிட, நாங்கள் சொல்லிவிட்டோம் என்பதற்கான சாட்சியாகத்தான் பக்கமும் குழுவும் பயன்படுகின்றன. நிர்வாகத்துக்கு இது ஒரு கேடயம். இதன் உண்மையான பயனாளி யார் என்ற கேள்வி இங்கிருந்துதான் எனக்கு எழுகிறது.

இதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பிள்ளை வகுப்புக்கு வராதபோதும் வீட்டுப்பாடம் பாக்கி இருக்கும்போதும் பெற்றோருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பும் ஏற்பாட்டை வைத்து, பீட்டர் பெர்க்மன், டாட் ராஜர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் வாஷிங்டன் டி.சி. பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார்கள். இணையதளத்துக்குப் போய்ப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று ஒரு பிரிவுப் பெற்றோரிடம் சொன்னார்கள். பதிந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. ஒரு குறுஞ்செய்திக்குப் பதில் அனுப்பினாலே போதும் என்று சொல்லப்பட்ட பிரிவில் பத்தில் ஒருவர் அளவுக்குச் சேர்ந்தார்கள். மூன்றாவது பிரிவினரை, வேண்டாம் என்றால் விலகிக்கொள்ளலாம் என்று சொல்லிப் பள்ளியே சேர்த்துவிட்டது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குமேல் கடைசிவரை நிலைத்தார்கள். பிள்ளைகள் பாடங்களில் தோற்பது குறைந்ததும் இந்தப் பிரிவில்தான். முதல் பிரிவுப் பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வேலை முடிந்து வந்து, முகவரியைத் தட்டி, கடவுச்சொல்லை நினைவுபடுத்தி உள்ளே போய்ப் பார் என்று கேட்பதே மனிதர்களிடம் அதிகமாகக் கேட்பது. பெற்றோர் தேடிப் போக வேண்டிய இடமாகவே ஒரு பக்கம் இருந்தால், அதில் என்ன பொன்மொழி எழுதினாலும் வீண்.

அனுப்புகிற சேதியில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கும் ஒரு நல்ல ஆய்வு உண்டு. மேத்யூ கிராஃப்ட் என்பவரும் அதே ராஜர்ஸும் 2015இல் வெளியிட்டது. தோற்ற பாடங்களைக் கோடையில் திரும்பப் படிக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் பெற்றோருக்கு ஆசிரியர் வாரம் ஒரே ஒரு வாக்கியம் எழுதினார். அந்தப் பிள்ளையைப் பற்றி மட்டும், ஒரே வாக்கியம். தேர்ச்சி பெறாதவர்கள் நூற்றுக்கு 15.8இலிருந்து 9.3ஆகக் குறைந்தார்கள். பாராட்டி எழுதிய வாக்கியங்களைவிட, இதைச் சரிசெய்தால் நல்லது என்று குறிப்பாகச் சொன்னவை கூடுதலாகப் பலன் தந்தன. 'யுவர் சைல்ட் இஸ் டூயிங் வெல்' என்று நாற்பது பேருக்கும் ஒன்றுபோல அனுப்பும் நம் பள்ளிச் செயலிகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். பெருந்தொற்றுக் காலத்தில் போட்ஸ்வானாவில் நடந்த இன்னொரு ஆய்வில், கணக்குப் பாடத்தை வெறும் குறுஞ்செய்தியாகப் பெற்ற வீடுகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. வாரம் ஒரு தொலைபேசி அழைப்பும் சேர்ந்துகொண்ட வீடுகளில் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். மறுமுனையில் ஒரு மனிதக் குரல் இருந்ததுதான் வித்தியாசம்.

ஆக, வேலை செய்வது அந்த ஒரு பிள்ளையைப் பற்றி, அந்த வீட்டுக்கென்று வருகிற பேச்சு. இதை வகுப்புக்குப் பொதுவான ஒரு பக்கத்தில் செய்ய முடியாது. செய்யவும் கூடாது.

சேதி எந்தக் கைபேசிக்குப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சேர்க்கைப் படிவத்தில் இருப்பது அநேகமாக அப்பாவின் எண். அந்தக் கைபேசி காலையில் அப்பாவோடு லாரி ஏறிப் போய்விடுகிறது. பிள்ளையை உட்காரவைத்து எழுதச் சொல்வது அம்மா அல்லது ஆயா. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் நூற்றுக்கு 33, ஆண்கள் 57. தமிழ்நாட்டுப் பெண்கள் தேசிய சராசரியைவிட நன்றாகவே முன்னால் இருந்தாலும் பாதியைத் தொட்டிருக்கவில்லை. அதற்குப் பிறகு நிலைமை மாறியிருக்கும். ஆனால் அப்பா எண்ணை அம்மா எண்ணாக மாற்றலாமா என்று வீட்டுக்கு வீடு கேட்ட பள்ளிகள் எத்தனை? 2024இல் அரசுப் பள்ளிப் பெற்றோரின் கைபேசி எண்களை ஓ.டி.பி. வாங்கிச் சரிபார்க்கும் வேலை ஆசிரியர்கள் தலையில் விழுந்தது. ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதே என்று வங்கிகள் கரடியாய்க் கத்தி வைத்திருந்த நாட்டில், வாத்தியார் போன் போட்டு அதைக் கேட்டபோது பெற்றோர் தயங்கியதில் வியப்பென்ன? எண் சரியா என்று பார்க்க இவ்வளவு பாடுபட்டோம். அந்த எண்ணை எடுப்பவர்தான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவரா என்பதையும் கூடவே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மொழியும் அப்படித்தான். ஆங்கில வழிப் பள்ளி என்பதற்காகப் பெற்றோருக்கும் ஆங்கிலத்திலேயே எழுதுகிறார்கள். வீட்டில் புரியாத சேதியைப் பிள்ளையே படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. தன்னைப் பற்றிய புகாரைப் பிள்ளை எவ்வளவு நேர்மையாக மொழிபெயர்க்கும் என்பது நமக்குத் தெரியாததா! தமிழில் ஒரு குரல் பதிவு போட அரை நிமிடம் ஆகும். வாசிக்கத் தெரியாத ஆயாவுக்கும் அது போய்ச் சேரும்.

அந்தரங்கம் பற்றிய விஷயத்தில் நம் பள்ளிகள் நடந்துகொள்வது எனக்கு அச்சம் தருகிறது. குழுவில் சேர்ந்த நிமிடமே ஒவ்வொரு தாயின் எண்ணும் அறிமுகமில்லாத நாற்பது பேர் கைக்குப் போகிறது. நள்ளிரவில் 'ஹாய்' வந்து, சத்தமில்லாமல் குழுவைவிட்டு வெளியேறிய அம்மாக்கள் உண்டு. வெளியேறியதால் அறிவிப்புகளும் போயின. இந்த ஒரு விஷயத்தில் இணையப் பக்கமே மேல். அதில் யார் எண்ணும் யாருக்கும் தெரியாது. ஆனால் பக்கத்துக்கு வேறு கேடு உண்டு. உலகத்தில் யாரும் திறந்து பார்க்கக்கூடிய பக்கத்தில், ஆண்டு விழாவில் ஆடிய பெண் பிள்ளைகளின் படங்கள் பெயரோடும் வகுப்போடும் வருடக்கணக்காகக் கிடக்கின்றன. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லாரையும் குழந்தைகளாகவே எண்ணுகிறது. அவர்கள் தரவைக் கையாள்வதற்குப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. கல்வி நிறுவனங்களுக்கு விலக்குகள் உண்டுதான். ஆனால் பிள்ளைகளின் படங்களால் வகுப்புப் பக்கத்தின் முகப்பை அலங்கரிப்பது படிப்பு சம்பந்தப்பட்டது என்று வாதிடுவது கடினம். சேர்க்கையின்போது நீட்டிய பத்துக் காகிதங்களில் ஒன்றில் வாங்கிய கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்வதும் கொஞ்சம் அதிகம்.

மதிப்பெண் பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை அப்படியே படமெடுத்துப் போடுகிறார்கள். கடைசி வரியில் இருக்கும் பிள்ளையின் வீட்டில் அன்றைக்கு என்ன நடந்திருக்கும் என்று போட்டவர் யோசிப்பதில்லை. கட்டணம் பாக்கி வைத்தவர்களின் பெயர்களைக் குழுவில் இட்ட பள்ளிகளும் உண்டு. இவற்றைவிடக் கொடுமை, உதவித்தொகைக்காகச் சாதிச் சான்றிதழ் கொண்டுவர வேண்டியவர்களின் பட்டியல். முன்பு வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்வார்கள். இப்போது நாற்பது வீட்டுக்கும் ஒரே நொடியில் தெரிந்துவிடுகிறது. இன்னார் என்ன சாதி என்பது ஒரே ஒரு ஃபார்வர்டில் ஊர் முழுக்கப் போகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவன் உடன் படித்தவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டான். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை கொடுத்தது. மாணவரின் சாதி வருகைப் பதிவேட்டில்கூட இருக்கக் கூடாது என்று அதில் பரிந்துரைத்திருக்கிறார்கள். பதிவேட்டில் இருக்கக் கூடாதது கைபேசித் திரையில் இருக்கலாமா?

இதையெல்லாம் ஆசிரியர்கள் வேண்டுமென்று செய்வதில்லை. தனித்தனியாக நாற்பது பேருக்குச் சொல்ல நேரமில்லாததால் மொத்தமாகப் போடுகிறார்கள். அரசுப் பள்ளி ஆசிரியர்களிடம் 'எமிஸ்' என்று சொல்லிப் பாருங்கள். கல்வி மேலாண்மைத் தகவல் முறையில் தரவு ஏற்றுவதற்காகப் பாடவேளைகளை இழந்த கதையை ஆளுக்கு ஒன்று வைத்திருப்பார்கள். தனியார் பள்ளியில் மிஸ்ஸுக்குச் சம்பளமும் குறைவு, இரவு பத்து மணிக்கு "மிஸ், மேத்ஸ் பேஜ் நம்பர் என்ன?" என்ற கேள்வியும் மிச்சம். நீல டிக் விழுந்தும் பதில் வரவில்லை என்று முதல்வரிடம் புகார் போகும். இதற்கு நடுவில் வகுப்புப் பக்கம் ஒன்றையும் நடத்து என்றால் என்னாகும்? ஜூனில் உற்சாகமாகத் தொடங்கி, காலாண்டுத் தேர்வுக்குள் அடங்கிவிடும். பல பக்கங்களின் கடைசிப் பதிவு சுதந்திர தின விழாவாகவே இருப்பதற்கு இதுதான் காரணம். காலாவதியான பக்கம் இல்லாத பக்கத்தைவிட மோசம். போன வருடத்துத் தேர்வு அட்டவணையைப் பார்த்துப் பிள்ளையைத் தயார் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அதோடு, அந்தப் பக்கம் யாருடைய சொத்து? அரசுப் பள்ளிகளில் அது ஆசிரியரின் சொந்த மின்னஞ்சலில் கட்டியது. பொது மாறுதல் கலந்தாய்வில் அவர் வேறு மாவட்டத்துக்குப் போகும்போது கடவுச்சொல்லும் கூடவே போகிறது. அடுத்து வருகிறவருக்கு அதில் ஆர்வம் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தனியார் நிறுவனங்களின் மேடையை நம்பினாலும் இதே கதைதான். ஆசிரியர்களுக்கென்று 2008இல் தொடங்கி உலகம் முழுக்கப் பரவிய எட்மோடோ 2022 செப்டம்பரில் மூடப்பட்டது. அதை நம்பி வருடக்கணக்காகச் சேர்த்து வைத்தவர்கள் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று.

நம் ஆசிரியர்களுக்கு இணையம் வசப்படாது என்று இதற்கு அர்த்தமில்லை. பாடசாலை, கல்விச்செய்தி போன்ற தளங்கள் வருடக்கணக்காகச் சுறுசுறுப்பாக நடக்கின்றன. அரசாணை, மாறுதல், வினாத்தாள் என்று ஆசிரியர்களுக்கு வேண்டியது அன்றன்றைக்குக் கிடைக்கிறது. தேவை இருக்கிற இடத்தில் தளம் தானே உயிரோடு இருக்கிறது. பெற்றோருக்கு உண்மையில் எது தேவை என்பதை யாரும் கேட்காததால்தான் வகுப்புப் பக்கம் சவலைப் பிள்ளையாகிறது.

என்னைக் கேட்டால், வகுப்புக் குழுவில் பாதியை நிறுத்திவிட்டு, பள்ளி நாள் ஒன்றுக்கு ஒரு வீட்டை அழைக்கலாம். நாற்பது பேர் வகுப்பென்றால் இரண்டு மாதத்தில் ஒரு சுற்று முடியும். "உங்க பையன் கழித்தல்ல கடன் வாங்குற இடத்துல தடுமாறுறான், ராத்திரி ரெண்டு கணக்கு போடச் சொல்லுங்க" என்று ஒரு வாக்கியம். பிறகு, வீட்டில் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று ஒரு கேள்வி. போர்டு சரியாகத் தெரியாத பிள்ளை, புதிதாகக் குடிக்கத் தொடங்கிய அப்பா, பேருந்து மாறியதால் தாமதமாக வரும் சிறுமி எல்லாம் இந்த இரண்டாவது கேள்வியில்தான் வெளியே வரும். ஐந்து பிரிவுகளுக்கு ஒரே பாடம் எடுக்கும் உயர்நிலை ஆசிரியரால் இது முடியாது, வகுப்பாசிரியரால் முடியும். அதற்கு வாரத்துக்கு ஒரு பாடவேளையைக் கால அட்டவணையிலேயே ஒதுக்க வேண்டும். வீட்டுக்குப் போய் இரவில் பேசுங்கள் என்று சொன்னால் இதுவும் இன்னொரு எமிஸ்.

அப்படியானால் இணையப் பக்கம் வேண்டாமா? வேண்டும், வேறு காரியத்துக்கு. கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் மேலாண்மைக் குழுவை விதித்திருக்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர், உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தீட்டுவதும், வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் அவர்கள் பொறுப்பு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து 10,000 ரூபாயிலிருந்து 1 லட்சம் வரை ஆண்டுதோறும் பள்ளி மானியத்துக்கு வழி உண்டு. தமிழ்நாட்டில் 2022இல் இந்தக் குழுக்களைப் புதுப்பித்தபோது கைபேசிச் செயலியும் கொடுத்தார்கள். கூட்டம் வேலை நாள் பிற்பகலில் நடக்கும். கூலியை விட்டுவிட்டு வர முடியாதவர்களுக்கு அங்கே என்ன முடிவானது என்பது தெரிய வழியில்லை. தனியார் பள்ளி என்றால், தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி அமைந்த குழு அந்தப் பள்ளிக்கு நிர்ணயித்த கட்டணம் எவ்வளவு என்பது பெற்றோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய தகவல். அதைத் தன் பக்கத்தில் பளிச்சென்று போட்ட பள்ளியை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். எல்லாரும் பார்க்க வேண்டியதை அலமாரியில் பூட்டிவிட்டு, ஒரு வீடு மட்டும் அறிய வேண்டியதை ஊருக்கே விரித்து வைத்திருக்கிறோம்.

மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தைப் படமெடுத்துப் பக்கத்தில் போட ஐந்து நிமிடம் போதும். எமிஸ் வேலை அளவுக்குக்கூட அது கஷ்டமில்லை. 'பெண்கள் கழிப்பறைக்குக் கதவு, தாழ்ப்பாள்' என்று அதில் ஒரு வரி இருந்தால், மூன்று மாதம் கழித்து அந்தக் கதவு என்னாயிற்று என்று ஏதாவது ஒரு அம்மா கேட்பார். கேட்டுவிடுவார் என்பதால்தான் இப்போதைக்கு ஆண்டு விழாப் படங்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.